வெட்டிய இடத்தில் மிஞ்சியது

அப்பா "வர்றேன்" என்றாரா, "இரு, வர்றேன்" என்றாரா என்பதில் மகளுக்கு இன்றும் உறுதியில்லை. முதலில் "இரு" என்ற சொல் காதில் விழுந்ததாகத்தான் நினைத்தாள். அன்று மாலைக்குள் பலமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்ததில் அது தேய்ந்துபோய், இருந்ததா இல்லையா என்றே தெரியாமல் ஆகிவிட்டது. இங்கே சொல்லப்போவதிலும் சில விஷயங்கள் முன்பின்னாக வந்திருக்கலாம். மவுஸின் சத்தம் மட்டும் நிச்சயம். அம்மாவின் மூச்சு நின்ற பிறகும் பக்கத்து அறையிலிருந்து அது கேட்டது. டிக். சற்றுப் பொறுத்து இன்னொரு டிக்.

அதற்குச் சற்று முன்புதான் அவள் ஈரப் பஞ்சால் அம்மாவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். காலை வெளிச்சம் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்திருந்தது. தொண்டையில் அறுவை செய்ததிலிருந்து அம்மா கழுத்தில் இருந்த துளை வழியாகத்தான் மூச்சு விட்டாள். துளைக்கு மேல் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்று கட்டியிருக்கும். அது உப்புவதையும் அமுங்குவதையும் வீட்டில் எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அமுங்கிய துணி மறுபடி உப்பவில்லை. மகள் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள். காத்திருந்தாள். பிறகு எழுந்து பக்கத்து அறை வாசலில் போய் நின்றாள்.

"அப்பா. அம்மா..."

அவர் திரும்பவில்லை. திரையில் ஒரு கூட்டின் விளிம்பில் பறவை ஒன்று சிறகை விரித்தபடி நின்றுபோயிருந்தது. அதன் கீழே நீளமான பட்டை, பட்டையில் சிவப்புக் கோடுகள். அவர் கை மவுஸின் மேல் இருந்தது. அப்போதுதான் அந்த ஒரு சொல்லைச் சொன்னார், அல்லது அந்த இரண்டு சொற்களை.

அவள் திரும்பி வந்து கட்டிலருகே உட்கார்ந்து மவுஸின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலி நகர்ந்தது.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நின்றுபோன எதன் அருகிலும் முதலில் காதைக் கொண்டுபோவார். அன்றும் குனிந்து, அந்த வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு வெகு நேரம் அப்படியே இருந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை.

"டாக்டருக்குச் சொல்லணும்" என்றார்.

டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அடக்கம் செய்யும் மண்டபத்திலிருந்து இரண்டு பேர் வந்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை எல்லாம் என்று முடிவாயிற்று. மாமா வந்து சேர்ந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

மாமா அம்மாவின் தம்பி. பஸ் ஓட்டுகிறவர். சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்.

"பாதி வழியில இருந்தேம்மா. நடு ரோட்டுல அத்தனை பேரையும் இறக்கி விட்டுட்டு வர முடியுமா, சொல்லு. வேற ஆள் வர்ற வரைக்கும் ஓட்டினேன். எப்படி ஓட்டினேன்னு எனக்கே தெரியாது."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினார். குரல் போன பிறகு அம்மா யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுவாள்.

"கை தட்டினாளா?"

"இல்ல மாமா. தூக்கத்துலயே."

"ம்." இன்னும் கொஞ்சம் நீவினார். "எடிட்டர் எங்க?"

எடிட்டர் என்பது அப்பாவுக்கு மாமா வைத்த பெயர். தெருவிலும் சிலர் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

"அந்த ரூம்ல."

"என்ன பண்றார்?"

மாமா எழுந்து போய் எட்டிப் பார்த்தார். அறையின் மூன்று சுவர்களிலும் கூரை வரைக்கும் அலமாரி. அலமாரி முழுக்க டிவிடி. தொலைக்காட்சியில் வருவதை ரெக்கார்டரில் பதிந்து, கம்ப்யூட்டருக்கு மாற்றி, விளம்பரங்களை வெட்டியெடுத்துவிட்டு, புது டிஸ்க்கில் எழுதி, உறையில் போட்டு, கறுப்பு மார்க்கரால் பெயர் எழுதி அடுக்குவது அவர் வழக்கம். வேலையில் இருந்த காலத்தில் விடுமுறை நாட்களில் செய்தார். ஓய்வு பெற்ற பிறகு எல்லா நாளும் செய்தார். இப்போது கம்ப்யூட்டரின் கீழ்ப்பெட்டியில் ஒரு சிறு விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அத்தான்."

"வா. டிஸ்க்ல எழுதிட்டிருக்கு. பாதியில நிறுத்தினா டிஸ்க் வீணாயிடும்."

மாமா திரும்பி வந்தார். "டிஸ்க் வீணாயிடுமாம்" என்றார் மகளிடம். சிரிப்பது போல வாய் கோணியது. "இந்த மனுஷன் செத்தா பெட்டிக்குள்ள ரிமோட்டையும் வெச்சுத்தான் அனுப்பணும்." சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்பது போல சீருடையின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

மண்டபத்து மேலாளர் போன் செய்தபோது மாமா முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"பெரிய ஃபோட்டோ ஒண்ணு வேணும்மா. அப்புறம், ஹால்ல திரை இருக்கு. வீடியோ ஏதாவது இருந்தா பென்டிரைவ்ல குடுங்க. அவங்க பேசுற மாதிரி இருந்தா ரொம்ப நல்லது. வர்றவங்களுக்கு ஒரு ஆறுதல்."

"பேசுற மாதிரியா?"

"ரெண்டு வார்த்தை போதும்மா. நல்லா இருக்கீங்களான்னு கேக்குற மாதிரி இருந்தாக்கூடப் போதும்."

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தாள். போனில் இருந்த அம்மாவின் வீடியோக்களைத் தேடினாள். பலவற்றில் அம்மாவின் உள்ளங்கை வந்து மறைத்தது. மிச்சமிருந்தவை குரல் போன பிறகு எடுத்தவை. அதற்கு முந்தைய போன்கள் என்ன ஆயின என்று யாருக்குத் தெரியும். அம்மாவின் குரலை நினைத்துப் பார்க்க முயன்றாள். அம்மா சொல்லும் வாக்கியங்கள் நினைவுக்கு வந்தன. "இங்க வா", "சாப்பிட்டியா", "அதை அங்க வைக்காதே". ஒவ்வொன்றும் அவளுடைய சொந்தக் குரலில்தான் வந்தது. வேறு குரலில் வரச் சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. அம்மா போனதைவிட இது அவளைப் பயமுறுத்தியது.

அப்போதுதான் அந்த விளம்பரம் ஞாபகத்துக்கு வந்தது.

அம்மா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடும் வேலை பார்த்தாள். முதலாளி கையை இறுக்கிப் பிடிக்கிறவர். தொலைக்காட்சியில் விளம்பரம் கொடுக்க ஆசைப்பட்டார், நடிகைக்குக் கொடுக்க மனமில்லை. பில் மேசையில் இருந்தவளை எழுந்து நிற்கச் சொன்னார். விளம்பரத்தில் கண்ணாடி போடாத ஒரு பெண் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசல் பக்கம் பார்ப்பாள். "யாரு?" என்பாள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அட, நீங்களா!" என்பாள். எதிரில் சுருட்டை முடியோடு ஓர் ஆள் பல்லைக் காட்டுவார். அவரும் அந்தக் கடையில் விற்பனையாளர்தான். அவ்வளவுதான் விளம்பரம். மாலைத் தொடர் இடைவேளைக்கு நின்றதும் முதலில் அதுதான் வரும். முதல் இடம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியிருந்தார் முதலாளி. இரண்டு மூன்று வருடம் ஓடியது. தெருவில் அம்மாவைக் கண்டால் கடைக்காரர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு "யாரு?" என்பார்கள். அம்மா சலித்துக்கொள்வாள். ஆனால் அடுத்த தெரு வழியாக வரலாம் என்றால் வரமாட்டாள்.

மாமாதான் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தார். "அத்தான், இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணது நீங்க. 'அட நீங்களா'ங்கிறது அந்தச் சுருட்டைக்கா?" எல்லோரும் சிரித்தார்கள். அம்மா தோளில் அடித்தாள். அப்பா சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

மகள் அவர் அறைக்குள் போனாள். விளக்கு அணைந்து, டிஸ்க் வெளியே வந்திருந்தது.

"அப்பா, அம்மாவோட அந்த விளம்பரம் எதுலயாவது இருக்கா?"

அவர் டிஸ்க்கின் விளிம்பைப் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இல்ல."

"இத்தனை டிஸ்க் இருக்கு. ஒண்ணுலகூடவா?"

"விளம்பரம் எல்லாம் எடுத்துட்டேன்."

"ஒண்ணே ஒண்ணு தனியா வெச்சிருக்கலாமே."

"தினமும் வந்துச்சு." அவர் டிஸ்க்கை உறைக்குள் நுழைத்தார். "வராமப் போகும்னு நினைக்கல."

மாமா துண்டால் கழுத்தைத் துடைத்தபடி வாசலில் நின்றிருந்தார்.

"மீன் முட்டை போடுறது இருக்கு. எவனோ மலை ஏறினது இருக்கு. ரயில் இஞ்சின் இருக்கு. எங்க அக்கா மட்டும் இல்ல" என்றார். "தினமும் உட்கார்ந்து தேடித் தேடி வெட்டியிருக்கீங்க. இல்லையா அத்தான்?"

"விளம்பரத்தை வெட்டினேன்."

"அக்காவை வெட்டினீங்க. அந்தச் சுருட்டை மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கல. அதனாலதான் இந்த மெஷினையே வாங்கினீங்க. எனக்குத் தெரியாதா?"

"மாமா" என்றாள் மகள்.

அப்பா ஏதாவது சொல்வார் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவர் மார்க்கரின் மூடியைத் திறந்தார். உறையின் மேல் எதுவும் எழுதாமல் மூடினார். மாமா நகர்ந்து போய்விட்டார்.

ரெக்கார்டர் முதலில் வந்ததா, விளம்பரம் முதலில் வந்ததா? மகள் கூடத்தில் உட்கார்ந்து யோசித்தாள். அவள் அப்போதே வேலைக்குப் போய்விட்டாள். ஆயத்த ஆடை நிறுவனத்தில் தரச் சோதனை. அனுப்பப் போகும் சட்டைகளில் பிசிறு, கோணல் தையல், கறை தேடுகிற வேலை. நாளெல்லாம் குறை தேடிவிட்டு வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சியைப் பார்க்கக் கண் இருக்காது. அந்தக் கறுப்புப் பெட்டி எந்த நாளில் மேசைக்கு வந்தது என்று அவள் கவனித்ததே இல்லை. ரெக்கார்டர் முதலில் என்றால் அப்பா எல்லா விளம்பரத்தையும் போல அதையும் வெட்டினார். விளம்பரம் முதலில் என்றால் மாமா சொல்வதுதான் சரி. இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் ஒருவர் தன் மனைவியை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போட்டிருக்கிறார். இன்று காலையும் அதைத்தான் செய்தாரோ என்னவோ.

கண்ணாடிக் கடைக்குப் போன் செய்தாள். முதலாளி எப்போதோ இறந்திருந்தார். மகன் பேசினான்.

"அந்த டேப்பா? கடை மாத்தும்போது எல்லாம் குப்பையோட போயிடுச்சு அக்கா. டிவிக்காரங்களும் இப்ப இல்ல, வித்துட்டாங்க." கொஞ்சம் தயங்கினான். "ஸ்கூல் விட்டு வந்தா உங்கம்மா பில் மேசைக்கு அடியில என்னை ஒளிச்சு வெச்சுக்குவாங்க. அப்பா அடிப்பார்னு. நாளைக்கு வர்றேன் அக்கா."

போனை வைத்தபோது அப்பா கூடத்தில் நின்றிருந்தார். கையில் ஒரு ஷூ பெட்டி.

"பழசு கொஞ்சம் இருக்கு. படிக்குமான்னு தெரியல."

"எல்லாத்தையும் எடுத்துட்டேன்னு சொன்னீங்க?"

"எடுத்ததுதான். ஆனா ஆரம்பத்துல ஒழுங்கா எடுக்க வராது." அவர் நின்றபடியே சொன்னார். "வீடியோங்கிறது அடுத்தடுத்து ஓடுற படங்கள்தான், பத்துப் பதினஞ்சு படத்துக்கு ஒரு முழுப் படம்தான் அதுல இருக்கும். நடுவுல இருக்கிறதெல்லாம் அதுல என்ன மாறுச்சுங்கிறது மட்டும்தான். பழைய சாஃப்ட்வேர்ல முழுப் படத்துலதான் வெட்ட முடியும். தொடர் இடைவேளைக்கு நிக்கிற இடத்துல முழுப் படம் இருக்காது. அதனால கொஞ்சம் தள்ளி வெட்டுவேன். விளம்பரம் ஒரு அரை செகண்ட் மிஞ்சும். பிசிறு மாதிரி."

"முதல் விளம்பரம்" என்றாள் மகள்.

"ஆமா."

"அந்த டிஸ்க்கெல்லாம்?"

"புது சாஃப்ட்வேர் வந்ததும் ஒண்ணு விடாம எடுத்துச் சரி பண்ணிட்டேன். இதெல்லாம் கீறல். கம்ப்யூட்டர் எடுக்கல. அதனால அப்படியே கிடக்கு."

அவர் அறைக்குள் போய்க் கம்ப்யூட்டரை எழுப்பினார். காலையில் செய்துகொண்டிருந்தது அப்படியே திறந்து வந்தது. அந்தப் பட்டையும் சிவப்புக் கோடுகளும். மகளுக்கு அந்த வேலை தெரியாது, ஆனால் கோணலைப் பார்க்கத் தெரியும். முதல் பாதியில் சிவப்புக் கோடுகளுக்குள் சின்னச் சின்னதாக டூத்பேஸ்ட், கார், வங்கி என்று விளம்பரங்களை வெட்டுவதற்குக் குறித்திருந்தார். அதற்குப் பிறகு அது தலைகீழாக மாறியிருந்தது. கூடும் பறவைகளும் முழுக்கச் சிவப்புக்குள் இருந்தன. விளம்பரங்கள் வெளியே இருந்தன. வெட்ட வேண்டியதை விட்டு, விட வேண்டியதை வெட்டியிருந்தார். அப்படியே டிஸ்க்கிலும் எழுதியிருந்தார்.

அவரும் பார்த்தார். அதை மூடினார். அவள் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஷூ பெட்டியிலிருந்து முதல் டிஸ்க்கை எடுத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாக மென்துணியால் துடைத்தார். வட்டமாகத் துடைத்தால் கீறல் நீளும் என்றார். பெட்டி அதை விழுங்கி, உறுமி, முனகி, வெளியே தள்ளியது. அடுத்தது. அதுவும் அப்படியே. மூன்றாவது சுழன்றுகொண்டே இருந்தது, திரையில் எதுவும் வரவில்லை. அவர் காதைப் பெட்டிக்கு அருகில் கொண்டுபோனார்.

"தேடுது" என்றார்.

"என்னது இதெல்லாம்?"

"தொடர். உங்க அம்மா பார்ப்பாளே, அந்த ரெண்டு அண்ணன்தம்பி சண்டை போட்டுக்கிட்டே இருப்பாங்களே, அது. கடை மூடிட்டு அவ வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். வேலைக்குப் போனதுலேருந்து தொடர் போயிடுதுன்னு சொல்லிட்டே இருந்தா. அதுக்குத்தான் ரெக்கார்டர் வாங்கினேன்." டிஸ்க்கை மாற்றினார். "வந்ததும் சமைக்கணும். விளம்பரத்தோட பார்த்தா நேரமாகும். அதான் எடுத்துட்டு வெப்பேன்."

மகள் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வேலைக்குப் போனாள், ரெக்கார்டர் வந்தது. அந்த வேலையில் இருந்தபோதுதான் விளம்பரம் வந்தது. இவ்வளவு எளிதான வரிசை. மாமாவிடம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்க நினைத்தாள். கேட்டிருந்தால், அவன் கேக்கலையே என்றுதான் சொல்லியிருப்பார்.

சமையலறையில் மாமா தேநீர் போடும் சத்தம் கேட்டது. கோபம் வந்தால் அவருக்கு எதையாவது கொதிக்க வைக்க வேண்டும்.

ஷூ பெட்டியில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. ஒரு டிஸ்க் நடுவில் விரிசலே விட்டிருந்தது. அதற்கு அடுத்தது உறுமாமல் சுழன்றது. படம் வந்தது. மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று இரண்டு ஆண்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா அம்புக்குறியை நகர்த்தினார். படம் கட்டம் கட்டமாக உடைந்து, மறுபடி சேர்ந்தது. ஒருவன் கதவை அறைந்து சாத்தினான். இசை உச்சத்துக்குப் போய் நின்றது.

"யாரு?"

வெள்ளையாக ஒரு முகம். சுருங்கிய கண்கள். அதற்குள் போய்விட்டது. தொடரில் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

"நான்தான்க்கா" என்றார் மாமா சமையலறையிலிருந்து.

பிறகு எதுவும் கேட்கவில்லை. பாத்திரம், கரண்டி, தண்ணீர், எதுவும். அடுப்பில் கொதிக்கும் சத்தம் மட்டும் இருந்தது. அது பொங்கி வழிந்து தீயில் சீறுவதுகூடக் கேட்டது. யாரும் போய் அணைக்கவில்லை.

மாமா வாசலுக்கு வந்து நின்றார். திரையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். என்ன கேட்டது என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்து, முழங்கால் இடுக்கில் தலையை வைத்துக்கொண்டார்.

மகளுக்கு அந்தக் குரல் தன் குரலைப் போலவே இல்லை. மெல்லிசாக, சற்று மூக்கில் வந்தது. எப்படி மறந்தேன் என்று தோன்றியது. அதற்குள் மறுபடி மறந்துவிட்டது போலவும் இருந்தது.

"இன்னொரு தரம்ப்பா."

அவர் போட்டார். யாரு? இன்னொரு தரம். யாரு? நான்காவது தரம் போடப் போனவர் கையை எடுத்துவிட்டார்.

"ஒருநாள் நானும் உங்க அம்மாவும் பார்த்துட்டிருக்கும்போது இது வந்துச்சு" என்றார் திரையைப் பார்த்தபடி. "'ஏய், நான் வந்துட்டேன்'னா. கையைத் தட்டினா. எனக்கு ஒரு மாதிரியா ஆயிடுச்சு. சரியா வெட்டலைன்னு சொல்றான்னு நினைச்சேன். மறுநாளே புது சாஃப்ட்வேர் வாங்கிட்டு வந்து உட்கார்ந்தேன். எல்லாத்தையும் எடுத்துச் சரி பண்ணேன். மாசக்கணக்கா ஆச்சு."

"சரியா வெட்டலைன்னு அம்மா சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

"சிரிச்சா."

மாமா தலையை நிமிர்த்தியிருந்தார்.

"அதுக்கப்புறம் பார்க்கும்போதெல்லாம், அந்த இடம் வரும்போது கொஞ்சம் முன்னால சாய்ஞ்சு உட்காருவா. ஒவ்வொரு வெட்டுலயும். நல்லா வெட்டியிருக்கேனான்னு பார்க்கிறான்னு நினைச்சேன். 'எப்படி இருக்கு?'ன்னு கேட்டேன் ஒருநாள். ஒண்ணுமே தெரியல இல்லன்னு. 'ஆமாங்க, ஒண்ணுமே தெரியல'ன்னா."

அவர் மார்க்கரை எடுத்து, அது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே நேராக வைத்தார். மகள் அடுப்பை அணைக்க எழுந்து போனாள். அணைத்த பிறகும் அங்கேயே நின்றாள்.

திரும்பி வந்தபோது மாமா அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் நகர்ந்து உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"நாளைக்கு இதைப் போடலாமா அத்தான்?" என்று மாமா கேட்டார். இப்போது குரலில் காரம் இல்லை.

"வேண்டாம்."

"ரெண்டு வார்த்தை போதும்னு சொன்னாங்களாம்."

"எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, அங்கேருந்து யாருன்னு கேட்டா..." அப்பா முடிக்கவில்லை.

மகள் மேலாளருக்குப் போன் செய்து, ஃபோட்டோ மட்டும் கொண்டு வருவதாகச் சொன்னாள்.

மறுநாள் மண்டபத்தில் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவர்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அம்மா முகத்தைவிட விளம்பரத்து முகம்தான் பழக்கம். துக்கம் கேட்க வந்தவர்களில் தலையில் ஒரு முடிகூட இல்லாத, தடித்த கண்ணாடி போட்ட ஒருவர், மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார். மாமா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். யார் என்று பிடிபட்டதும் அவரை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"அட, நீங்களா!"

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமினார்கள். மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த மனிதரின் கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது. அப்பா எழுந்து வந்தார். அவர் அந்த ஆளின் முழங்கையைப் பிடித்து அழைத்துப் போய், முன் வரிசையில் தன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

அது முடிந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. முழங்கால் ஒத்துழைக்காததால் மாமா பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டார். இப்போது டிப்போவில் உட்கார்ந்து புது ஓட்டுநர்களைத் திட்டுகிறார். அந்த அரை விநாடியை மகள் தன் போனில் வைத்திருக்கிறாள். கேட்கிறாயா என்று ஒருமுறை மாமாவிடம் நீட்டினாள். "வேண்டாம்மா. ஒரு தடவை பதில் சொல்லிட்டேன், போதும்" என்றார். அவளும் அடிக்கடி போடுவதில்லை. சட்டைகளில் பிசிறு தேடும் வேலையில்தான் இருக்கிறாள். கண்ணாடிக் கடை இருந்த இடத்தில் இப்போது உடற்பயிற்சிக்கூடம் ஒன்று நடக்கிறது. முடியில்லாத அந்த மனிதர் போன வருடம் இறந்துபோனார். செய்தி வந்தபோது அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு தனியாகப் போய்விட்டு வந்தார்.

அப்பா அதே வீட்டில் இருக்கிறார். ரெக்கார்டர் பழுதாகி, எங்கோ தேடிப் பிடித்து இன்னொரு பழைய ரெக்கார்டர் வாங்கினார். பதிகிறார், வெட்டுகிறார், அடுக்குகிறார். வாரக் கடைசியில் மகள் வரும்போது ஏதாவது ஒரு டிஸ்க்கைப் போட்டு, இருவரும் பார்ப்பார்கள். போன வாரம் பாலங்கள் கட்டுவதைப் பற்றி ஒன்று. ஆற்றின் நடுவில் இரும்புத் தூணை இறக்கும் இடத்தில் ஒரு கணம் ஏதோ விளம்பரத்தின் ஈரமான கை வந்து போனது, சோப்பு நுரையோடு. இன்னொரு இடத்தில் ஒரு சாவிக்கொத்து. இன்னொரு இடத்தில் யாரோ ஒரு பெண், பேச வாய் திறந்தபடி. அந்தக் கணம் முடிந்ததும் தூண் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. மகள் அவர் பக்கம் திரும்பவில்லை.